புதிய சிந்தனை என்னும் மந்திரச் சொல்: ஜுரு ஆற்றை முன்வைத்து ஒரு திறனாய்வு

சிக்கலான பிரச்சினைகளுக்குப் புதிய சிந்தனை முறைகளே தீர்வு தரும் என்னும் கருத்து இன்று நம் கல்விச் சூழலில் பெருவழக்காக நிலவுகிறது. பாடத்திட்ட முன்னுரைகளிலும் பயிற்றியல் நூல்களிலும் ஆசிரியர் பயிலரங்குகளின் தொடக்கவுரைகளிலும் இதனைக் காணலாம். இக்கருத்து முற்றிலும் பிழையானது என்று நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயின், ஆராயாமலே ஏற்கப்பட்டுவிட்ட ஒரு கருத்தை ஓர் உண்மையான சிக்கலில் உரைத்துப் பார்ப்பது திறனாய்வின் கடமை எனக் கருதுகிறோம். அதற்கு ஜுருவைத் தேர்ந்தமைக்கு ஒரு காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஜுருப் பகுதியில் நிகழ்ந்த தமிழாசிரியர் பயிலரங்கு ஒன்றில் நாமும் அமர்ந்திருந்தோம். காலை முழுவதும் ‘புதிய சிந்தனை’ பற்றியே பேசப்பட்டது. பிற்பகல் அமர்வில் ஓர் ஆசிரியை எழுந்து, “ஐயா, நம் ஆறு ஏன் கறுப்பாக ஓடுகிறது என்பது என் வகுப்புப் பிள்ளைகளுக்கே தெரியும். தெரிந்த ஒன்றைப் பற்றிப் புதிதாக எப்படிச் சிந்திக்கச் சொல்வது?” என்று கேட்டார். பேச்சாளர் புன்னகைத்துவிட்டு அடுத்த படவில்லைக்குச் சென்றார். அவ்வினாவுக்கு அன்று விடை கிடைக்கவில்லை. அது எளிய வினாவாக நமக்குத் தோன்றவில்லை. இக்கட்டுரை அதனை மீண்டும் எடுத்துக்கொள்ளும் ஒரு முயற்சியே.

முதலில், இக்கருத்துக்கு மேற்கோளாகக் காட்டப்படும் அறிஞரின் பெயரைப் பற்றி ஒரு சொல். சிக்கலைத் தோற்றுவித்த சிந்தனையாலேயே அதனைத் தீர்க்க இயலாது என்பதாக ஒரு தொடர் ஐன்ஸ்டைனின் கூற்றாகப் பல நூல்களில் இடம்பெறுகிறது. அவ்வடிவத்தில் அது அவருடைய எழுத்துகளில் காணப்படுவதில்லை. 1946ஆம் ஆண்டு மே மாதத்தில், அணு விஞ்ஞானிகளின் அவசரக் குழுவின் சார்பில் நிதி வேண்டி அவர் விடுத்த வேண்டுகோளில், மனித இனம் பிழைத்திருக்கப் புதிய வகைச் சிந்தனை இன்றியமையாதது என்னும் கருத்து உண்டு. ஹிரோஷிமா அழிந்து ஓராண்டுகூட நிறையாத காலம் அது. நாடுகள் தம் பாதுகாப்பைப் படைவலிமையால் மட்டுமே அளந்த பழக்கத்தை நோக்கி அவர் பேசினார். அப்பேச்சை அதன் சூழலினின்று பெயர்த்தெடுத்து, விற்பனை மேலாண்மை முதல் வகுப்பறைக் கட்டுப்பாடு வரை எல்லாவற்றுக்கும் பொருத்துவது உரைமரபு அறிந்தோர் செய்யத்தக்கதன்று. ஓர் அடியை இடம்பொருள் நோக்காது மேற்கோள் காட்டும் மாணவரை நாம் திருத்துகிறோம். ஆசிரியர்க்கு மட்டும் அதில் விலக்கு இருத்தல் ஆகாது.

இக்கருத்தின் வலிமையான வடிவம் வேறிடத்தில் உள்ளது. பெர்க்லியில் பணியாற்றிய ஹார்ஸ்ட் ரிட்டலும் மெல்வின் வெப்பரும் 1973இல் வெளியிட்ட கட்டுரையில், சமூகத் திட்டமிடலில் எழும் சிக்கல்கள் கணக்குப் புதிர்களைப் போன்றவையல்ல என்று காட்டினர். அத்தகைய சிக்கலுக்கு முடிந்த முடிபான வரையறை இல்லை. அதனை எவ்வாறு எடுத்துரைக்கிறோமோ அதிலேயே தீர்வின் திசையும் அடங்கிவிடுகிறது. தீர்ந்தது என்று கைகழுவத்தக்க ஓர் இறுதிக் கட்டமும் இல்லை. ஒவ்வொரு முயற்சியும் சூழலை மாற்றிவிடுவதால், அழித்துவிட்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்கவும் வழியில்லை. இவை மறுத்தற்கு அரிய கருத்துகள். ஆனால் அவர்கள் இவற்றிலிருந்து அடைந்த முடிபைக் கவனிக்க வேண்டும். தனியொருவர் மூளையில் புதுமை தோன்ற வேண்டும் என்று அவர்கள் கூறவில்லை. சிக்கலால் தாக்குறுவோர் அனைவரும் வாதிட்டுத் தெளியும் ஒரு முறையையே வேண்டினர். ‘புதிய சிந்தனை’ என்று நாம் சுருக்கும்போது நழுவிவிடுவது இதுவே.

ஆறும் அதன் பல தலைவர்களும்

ஜுரு ஆறு பெரிய ஆறன்று. புக்கிட் மெர்தாஜாம் பக்கத்துச் சிற்றாறுகள் சேர்ந்து, செபராங் பிறையின் தாழ்நிலத்தில் நெளிந்து, பினாங்குத் தீவை நோக்கிய சேற்றுக் கடற்கரையில் கலக்கிறது. சிற்றாறுகளுள் ஒன்றின் பெயர் சுங்கை கீலாங் ஊபி. மரவள்ளிக் கிழங்கு ஆலை ஆறு என்பது அதன் பொருள். ஆலைக்கும் ஆற்றுக்கும் உள்ள உறவு இங்கு நேற்றுத் தொடங்கியதன்று என்பதற்கு அப்பெயரே ஒரு சிறு கல்வெட்டு எனலாம்.

1960களின் பிற்பகுதி தொடங்கிப் பிறைத் தொழிற்பேட்டை விரிந்தது. முகத்துவாரத்தில் இருந்த கோலா ஜுரு என்னும் மலாய் மீனவச் சிற்றூர் அதன் விளைவை முதலில் உணர்ந்தது. 1970களின் நடுப்பகுதியில் மீன்வளம் சரிந்தது. 1969இல் தோன்றிய பினாங்கு பயனீட்டாளர் சங்கத்திடம் மீனவர்கள் முறையிட்டனர். சங்கம் அவ்வூரின் நிலையை ஆராய்ந்து வெளியிட்டது. நாட்டின் சுற்றுச்சூழல் இயக்க வரலாற்றில் கோலா ஜுரு ஒரு தொடக்கப்புள்ளியாகக் குறிக்கப்படுவது இதனாலேயே. அச்சங்கத்தை நெடுங்காலம் தலைமையேற்று நடத்திய எஸ்.எம். முகமது இட்ரிஸ் 2019இல் மறைந்தார்.

இங்கு நாம் கேட்க வேண்டிய வினா ஒன்றுண்டு. மீனவர்கள் என்ன வகையில் சிந்தித்தார்கள்? வலை நாறியது, நீரின் நிறம் மாறியது, இன்ன பருவத்தில் இன்ன மீன் வரவில்லை. இவற்றைக் கண்டு காரணத்தை ஆற்றின் மேற்பகுதியில் தேடினர். திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் 948ஆம் குறள் வகுக்கும் ஒழுங்கு இதுவே: நோயை அறிதல், அதன் முதலை அறிதல், தணிக்கும் வழியை அறிதல், பின்னர்ப் பொருந்தச் செய்தல். இதில் புதுமை ஏதும் இல்லை. முதல் மூன்று படிகளும் மீனவர்க்கு விளங்கியிருந்தன. நான்காவது அவர்கள் கையில் இல்லை. சிக்கல் சிந்தனையில் இருந்ததா, செயலுரிமையில் இருந்ததா என்பதே நாம் எழுப்பும் கேள்வி.

அச்செயலுரிமை எவ்வாறு சிதறிக் கிடக்கிறது என்பதைக் கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் காணலாம். நிலமும் ஆறும் மாநிலத்துக்கு உரியவை. ஆற்று மீன்பிடிப்பும் மாநிலத்துக்கு உரியதே. கடல், முகத்துவார மீன்பிடிப்பு கூட்டரசுக்கு உரியது. ஒரே நீர், சில கிலோமீட்டர் தொலைவில் ஆட்சி மாறிவிடுகிறது. மீனுக்கு இது தெரியாது. தொழிற்சாலைக் கழிவைக் கண்காணிப்பது 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ் கூட்டரசின் சுற்றுச்சூழல் துறை. வடிகாலுக்கு வடிகால் நீர்ப்பாசனத் துறை. வணிக உரிமமும் குப்பையும் நகராண்மைக் கழகத்தின் பொறுப்பு. செபராங் பிறையில் அது 2019 முதல் மாநகர் மன்றமாகியுள்ளது. வீட்டுக் கழிவுநீர் 1994 முதல் தனி நிறுவனத்திடம் சென்றது. பன்றிப் பண்ணைகளுக்கு வேறொரு துறை. இவர்களுள் ஒவ்வொருவரும் தம் எல்லைக்குள் சரியாகவே சிந்தித்தாலும் ஆறு கறுப்பாகவே ஓடக்கூடும். சுற்றுச்சூழல் துறையின் அறிக்கைகளில் ஜுரு ஆறு பல்லாண்டுகள் மாசுற்ற ஆறுகளின் வரிசையில் இடம்பெற்றதை இப்பின்னணியில் வைத்தே புரிந்துகொள்ள வேண்டும்.

தண்டத்தொகையை உயர்த்தினால் போதும் என்பாரும் உளர். உள்நாட்டு நீரை மாசுபடுத்துவதற்கு 1974ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த உயர் தண்டம் 10,000 ரிங்கிட். 1996இல் அது 100,000 ஆயிற்று. 2024ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை 10 மில்லியன் வரை உயர்த்தியது. இடையில், 2019 மார்ச்சில், ஜொகூரின் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட வேதிக்கழிவால் 111 பள்ளிகள் மூடப்பட்டன. பள்ளிப்பிள்ளைகள் மூச்சுத்திணறிய பின்னரே எண்ணுக்குப் பின்னால் சுழிகள் கூடின. இதனைப் புதிய சிந்தனை என்று யாரும் சொல்லமாட்டார்.

பழைய கருத்து, புதிய கை

மறுதரப்பை நேர்மையாக நோக்க வேண்டுமாயின், இந்நாட்டிலேயே வெற்றிபெற்ற ஒரு முயற்சியை எடுத்துக்கொள்வோம். 1970களில் செம்பனை எண்ணெய் ஆலைகளின் கழிவு நாட்டின் ஆறுகளைப் பெரிதும் கெடுத்தது. சுத்திகரிக்கப்படாத அக்கழிவின் ஒரு லிட்டரை நுண்ணுயிர்கள் சிதைப்பதற்கு ஏறத்தாழ 25,000 மில்லிகிராம் உயிர்வளி தேவைப்படும். அவ்வளவையும் ஆற்றிலிருந்து எடுத்துக்கொண்டால் மீனுக்கு எஞ்சுவது எதுவுமில்லை. 1977இல் வகுக்கப்பட்ட விதிகள் 1978 ஜூலையில் செயலுக்கு வந்தபோது, இத்தேவையின் வரம்பு லிட்டருக்கு 5,000 மில்லிகிராம். அடுத்த ஆண்டு 2,000. பின்னர் 1,000, 1981இல் 500. 1984இல் அது 100க்கு இறங்கியது. வரம்புடன் உரிமக் கட்டணமும் இணைந்தது. ஆற்றில் விடும் மாசுச் சுமையின் ஒவ்வொரு டன்னுக்கும் பத்து ரிங்கிட். முதலாண்டில் வரம்பை மீறிய சுமைக்கு டன்னுக்கு நூறு ரிங்கிட். அவ்வாண்டு வரம்பு கட்டாயமாக்கப்படாமையால், சுத்திகரிப்பதா கட்டணம் செலுத்துவதா என்று ஆலைகள் கணக்கிட அவகாசம் கிடைத்தது. உற்பத்தி பெருகிக்கொண்டே சென்ற காலத்தில் ஆறுகளுக்குச் சென்ற மாசு பெரிதும் குறைந்தது. கட்டணம் சாதித்ததா, படிப்படியான வரம்பு சாதித்ததா என்று ஆய்வாளரிடையே விவாதம் உண்டு. வரம்பின் பங்கே மிகுதி என்பது எம் கருத்து.

இதனைப் புதிய சிந்தனைக்கு எடுத்துக்காட்டாகக் கூறுவோர் கவனிக்க வேண்டியது ஒன்று. மாசுக்கு விலை வைக்கலாம் என்னும் கருத்தின் வேர் ஆர்தர் பிகூ 1920இல் வெளியிட்ட பொருளியல் நூலில் உள்ளது. அதாவது, 1977இல் அக்கருத்துக்கு வயது ஐம்பதுக்கு மேல். கழிவைக் குளங்களில் தேக்கி நுண்ணுயிர்களால் சிதைக்கும் முறையும் எவரும் கேள்விப்படாத அற்புதமன்று. புதிதாக இருந்தது ஏற்பாடு. ஒரே தொழில், ஒரே வகைக் கழிவு, எண்ணித் தொகுக்கத்தக்க ஆலைகள், தொழில்துறையினரும் அரசும் ஒரே மேசையில் அமர்ந்து பேசியமை, அறிவிக்கப்பட்ட காலவரிசை. ஜுரு ஆற்றுக்கு இவற்றுள் எதுவும் வாய்க்கவில்லை. அங்கே உலோக ஆலை, உணவு ஆலை, பண்ணை, கடைத்தெரு, வீடு என மாசு பலமுகமாக வருகிறது. செம்பனைத் தீர்வை அப்படியே பெயர்த்து நட முடியாது என்பது உண்மை. இவ்வளவில் புதுமை வேண்டுவோரின் வாதத்தை நாம் ஏற்கிறோம்.

கோலா ஜுரு மீனவர்களே செய்த மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். மீன் குறைந்தபோது அவர்கள் கூட்டுறவு அமைத்துச் சேற்றுத் திட்டில் ‘கெராங்’ எனப்படும் சிப்பி வளர்ப்பில் இறங்கினர். ஓடிப்போகாத உயிரை வளர்ப்பது என்னும் முடிவில் ஓர் அறிவுக்கூர்மை இருக்கிறது. நம்மவர் வரலாற்றிலும் இதற்கு இணை உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதந்தோறும் பத்து ரிங்கிட்டாக நூறு ரிங்கிட் பங்கு சேர்த்த பால்மரத் தொழிலாளர்கள், 1961இல் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினர். மலாயாவில் கூட்டுறவுச் சட்டம் 1922லேயே வந்துவிட்டது. கருத்து பழையது. அதனை எடுத்த கைகள் புதியவை. நம் மாணவர் புதுமை என்னும் சொல்லைக் கேட்கும்போது கணினித்திரை அவர்தம் நினைவுக்கு வருவதைக் காட்டிலும், பத்து ரிங்கிட்டை எண்ணிக் கொடுத்த ஒரு பால்மரத் தொழிலாளியின் கை நினைவுக்கு வருதல் நன்று.

ஆயினும் கூட்டுறவும் ஆற்றைத் தூய்மைப்படுத்தவில்லை. சிப்பி நீரை வடித்து உண்ணும் உயிர். நீரில் உள்ள உலோகங்கள் அதன் உடலில் தங்கும். மாசை ஏற்றுக்கொண்டு வாழ வழி கண்ட தீர்வு, மாசின் முன்னே நெடுநாள் நிற்க இயலாது. ஆற்றுப்படுகை முழுவதையும் ஓரலகாகக் கொள்ளும் நிருவாகம் வேண்டும் என்பது இன்று பலரும் கூறும் பரிந்துரை. சிலாங்கூர் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் அத்தகைய நீர் மேலாண்மை வாரியத்தை அமைத்தது. நல்ல ஏற்பாடுதான். எனினும் 2020 செப்டம்பரில் ரவாங் பகுதியில் ஆற்றில் கலந்த கழிவால் கிள்ளான் பள்ளத்தாக்கின் பெரும்பகுதியில் குடிநீர் நின்றது. புதிய அமைப்பும் இரவில் குழாயைத் திறப்பவனைக் கண்காணிக்க ஆள் இல்லாதபோது பழைய அமைப்பாகிவிடுகிறது.

சிந்தனையா, சூழ்தலா

இனி நம் துறைக்கு உரிய பகுதிக்கு வருவோம். ‘சிந்தனை’ என்னும் ஒற்றைச் சொல் இன்று எல்லா மனச்செயல்களையும் விழுங்கிவிட்டது. தமிழில் நாடுதல், ஓர்தல், தேர்தல், ஆய்தல், எண்ணுதல், உள்ளுதல், சூழ்தல் எனச் சொற்கள் பல. இவை வெறும் ஒருபொருட்பன்மொழிகள் அல்ல. நாடுதல் காரணத்தைத் தேடிச் செல்வது. ஓர்தல் வேறுபாட்டை உணர்வது. தேர்தல் சோதித்துத் தெரிவுசெய்வது. சூழ்தல் பிறரோடு கலந்து ஆராய்வது. வினைசெயல்வகை அதிகாரத்தின் முதற் குறளில் ‘சூழ்ச்சி’ என்னும் சொல் ஆராய்ச்சி என்ற பொருளில் நிற்கிறது. இன்றோ சூழ்ச்சி என்றால் சதி. கூடி ஆராய்வதைக் குறித்த சொல் மறைவாகக் கெடுப்பதைக் குறிக்கும் சொல்லாகத் தேய்ந்ததற்கு மொழியியலார் பொருளிழிபு என்று பெயர் சூட்டி நகர்ந்துவிடலாம். எமக்கோ, அச்சொல் இழந்ததைத்தான் ஜுரு ஆறும் இழந்து நிற்பதாகத் தோன்றுகிறது. மீனவர் நாடினர். ஆய்வாளர் ஓர்ந்தனர். அரசு தேர்ந்தது. எல்லோரும் ஓரிடத்தில் கூடிச் சூழவில்லை. ரிட்டலும் வெப்பரும் வேண்டியது இதையே எனில், அவர்தம் கட்டுரைக்குத் தமிழில் பெயர் வைக்கப் புதுச் சொல் தேட வேண்டியதில்லை.

வகுப்பறையில் நிகழ்வது என்ன? 2012இல் முன்னோட்டமாகத் தொடங்கிய ‘ஐ-திங்க்’ திட்டம் எட்டு வரைபடங்களைப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தது. 2013 முதல் 2025 வரைக்குமான கல்விப் பெருந்திட்டம் உயர்நிலைச் சிந்தனைத் திறனைத் தேர்வின் மையத்துக்குக் கொணர்ந்தது. ஆறாம் ஆண்டு யூ.பி.எஸ்.ஆர் தேர்வு 2021இல் கைவிடப்பட்ட பின்னரும் அச்சொற்றொடர் பள்ளிகளில் வாழ்கிறது. வரைபடங்கள் பயனற்றவை என்று நாம் கூறவில்லை. பேசத் தயங்கும் மாணவருக்கு அவை ஊன்றுகோல். ஆனால் பல்நிலை நிரலொழுங்கு வரைபடத்தில் ஆற்று மாசின் காரணங்களை ஒரு மாணவர் எழுதுகிறார் என்று கொள்வோம். தொழிற்சாலை ஒரு பெட்டி, குப்பை ஒரு பெட்டி, பண்ணை ஒரு பெட்டி. எல்லாப் பெட்டிகளும் ஒரே அளவு. நெகிழிப் பையை வீசிய சிறுவனும் இரவில் வேதிக்கழிவைத் திறந்துவிட்ட ஆலையும் தாளில் சமமாகின்றனர். எது எவ்வளவு, யார் பொறுப்பு, யாரால் நிறுத்த இயலும் என்பவற்றுக்கு அதில் இடமில்லை. தீர்வு கேட்கும் வினாவுக்கோ, விழிப்புணர்வுப் பரப்புரை, துப்புரவுப் பணி, கடுமையான தண்டனை என்று எழுதினால் புள்ளி கிடைக்கிறது. அம்மூன்றும் ஜுருவில் முன்னரே முயலப்பட்டனவா, முயன்றபோது என்ன ஆயிற்று என்று கேட்கும் பயிற்சித்தாளை நாம் இதுவரை கண்டதில்லை.

இதன் விளைவாக நேரும் தீங்கு சிறிதன்று. தோட்டம் வீடமைப்பாகவும் ஆலை வளாகமாகவும் மாறிய பின்னரும் ஜுரு தோட்டத் தமிழ்ப்பள்ளி போன்ற பெயர்களில் தோட்டம் என்னும் சொல் எஞ்சி நிற்கிறது. அத்தகைய பள்ளிகளுக்கு வரும் பிள்ளைகளுள் பலர் இத்தொழிற்பேட்டைகளில் உழைப்போரின் மக்கள். ஆலையின் கழிவு எங்குச் செல்கிறது என்பது அவர்களின் வீட்டுப்பேச்சில் அடிபடும் செய்தி. அவ்வறிவைத் தமிழில் ஒழுங்காக எடுத்துரைக்கக் கற்பிக்காமல், அதற்கு மேலே புதிதாக ஒன்றைச் சிந்திக்கச் சொல்லும்போது, உன் வீட்டில் நீ அறிந்தது அறிவன்று என்றே பிள்ளைக்குக் கேட்கிறது. தமிழ்ப்பள்ளி மாணவரிடம் அதைச் சொல்லும் உரிமை நமக்கு இல்லை.

அந்த ஆசிரியையை ஓராண்டு கழித்து மீண்டும் சந்தித்தோம். வகுப்பினரை ஆற்றங்கரைக்கு அழைத்துச் செல்ல அனுமதி கிடைக்கவில்லையாம். மாறாக, வீட்டுப்பெரியவர்களிடம் மூன்று கேள்விகள் கேட்டு எழுதிவரச் சொல்லியிருக்கிறார். ஆறு முன்பு எப்படி இருந்தது, எப்போது மாறியது, யாரிடம் சொன்னீர்கள். முதல் இரண்டுக்கும் பக்கம் பக்கமாக எழுதிவந்த மாணவர்கள், மூன்றாவதற்கு எதிரே பெரும்பாலும் ஒரே சொல்லை எழுதியிருந்தார்கள்: “யாரிடமும் இல்லை, டீச்சர்.” அத்தாள்களை அவர் திருத்தாமல் வைத்திருக்கிறார். அவற்றுக்கு எத்தனை புள்ளி கொடுப்பது என்று எம்மிடம் கேட்டார்.